அப்பாவின் ஆர்எக்ஸ்ஸெட்டும் இரண்டு ரப்பர் சீல்களும்

பல மாதம் நின்றுபோன டூ ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிளை எடுத்த எடுப்பில் உதைக்கக் கூடாது. இது தெரியாமல்தான் 2019 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ்ஸெட்டை இருபது தடவைக்கு மேல் உதைத்தேன். பத்து மாதமாக நின்ற வண்டி. கடைசியில் பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடம் ஓடியிருக்கும், பக்கத்தில் நின்ற கார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. தூணருகே கைத்தடியோடு நின்ற அப்பா, "போதும், நிறுத்து! நிறுத்துடா!" என்று கத்தினார்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டூடி எனப்படும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெயை ஒரு தேக்கரண்டி ஊற்றி, கிக்கரைக் கையால் மெல்ல நாலைந்து முறை அழுத்தியிருக்க வேண்டும். நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் காய்ந்து கிடக்கும். டேங்கில் உள்ள பெட்ரோல் பழசாகி, கார்புரேட்டரின் சின்ன ஜெட்டில் பிசின் மாதிரி படிந்திருக்கும். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, அப்புறம்தான் உதைக்க வேண்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் சேமிக்கப் போய் நான்கு மாதம் அலைந்தேன்.

அந்த வண்டியை அப்பா 1989 ஆகஸ்டில் புதிதாக எடுத்தார். அப்போது செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். காலை ஐந்தரைக்கு அவர் வண்டியை எடுக்கும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். முதலில் ஒரு இருமல், அப்புறம் அந்த 'ரிங் டிங் டிங்'. சன்னல் வழியாக எண்ணெய்ப் புகை வாசம் மூன்றாவது மாடி வரை ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்குப் பள்ளிச் சீருடையும் அம்மா போடும் மைலோவும்தான் நினைவுக்கு வருகின்றன.

பட்டறையில் இருபது வருடம் இரும்பு தட்டும் சத்தத்தில் நின்றதால் அப்பாவுக்கு ஒரு காது அறவே போய்விட்டது, மற்றதும் பாதிதான். அதனால் அவர் வண்டியின் குறையைக் காதால் கண்டுபிடிப்பதில்லை. இன்ஜினை ஓடவிட்டு, வலது உள்ளங்கையை டேங்கின் மேல் விரித்து வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "பெட்ரோல் கம்மியா வருது" என்பார், அல்லது "செயின் தளர்ந்திருக்கு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆர்எக்ஸ்ஸெட்டைத் தெரியாதவர்களுக்கு: எல்லோரும் 135 என்று சொன்னாலும் உண்மையில் 133 சிசி; சிலிண்டர் விட்டம் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54. 200 சிசி வரைக்குமான 2பி உரிமத்தில் ஓட்டக்கூடிய வண்டி என்பதால் இங்கே பட்டறைத் தொழிலாளி, தபால்காரர், தேசிய சேவை முடித்த பையன் என்று எல்லோர் கையிலும் இருந்தது. மலேசியாவில் 2011 வரை தயாரானதால் உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. பழைய வண்டியைச் சீர்செய்ய நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அழகான வண்டி கிடைத்துவிடும், அதற்குப் பிஸ்டன் கிடைக்காது.

2018 ஏப்ரலில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அறிவிப்பு வந்தது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களை 2023 ஏப்ரலுக்குள் ஒப்படைத்தால் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஊக்கத்தொகை. ஒப்படைக்காதவை 2028 ஜூன் 30 வரைதான் சாலையில் ஓடலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் வருடாந்திரப் பரிசோதனையை முடித்த கையோடு அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதோடு வண்டி நின்றது. மறு வருடம் ஆகஸ்டில் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், முடிகிறது. "குடுத்துட்டுக் காச வாங்கிக்கலாம், மூட்டு வைத்தியத்துக்கு ஆகும்" என்றார் அம்மா. அவர் சொன்னதில் தப்பு இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு, சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போனார்.

அந்தச் சாவியோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினேன்.

வெள்ளைப் புகையைப் பார்த்து நான் போன முதல் கடையில், பெயர் வேண்டாம், "பிஸ்டன் போச்சு, போர் போடணும்" என்றார்கள். ஆளைப் பார்த்ததும் சொன்னார்கள், இன்ஜினைத் திறந்து பார்த்துச் சொல்லவில்லை. சிலிண்டரைக் கடைந்து 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதே புகை.

பிறகு அப்பாதான் ஊபி பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் பழைய மோட்டார்சைக்கிள்களை மட்டுமே பார்க்கும் சீனக் கிழவர் ஒருவரைச் சொன்னார். இருவருக்கும் பொது மொழி கடைத்தெரு மலாய். அவர் புகையைப் பார்க்கவே இல்லை. கியர் எண்ணெய் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். நுனியில்கூட எண்ணெய் இல்லை. "மினியாக் மனா பெர்கி?" என்றார். எண்ணெய் எங்கே போயிற்று? கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியானால் இன்ஜின்தான் குடித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுற்றும் கீழ் அறை எண்ணெய்க் குளம். டூ ஸ்ட்ரோக்கில் அது ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும். கீழே வரும்போது அந்தக் கலவையை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும். ஆகவே அந்த அறை காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். கிராங்கின் இரண்டு முனையிலும் அதைக் காப்பவை இரண்டு ரப்பர் சீல்கள். முப்பது வருடத்தில் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். வலது பக்கச் சீல் போனால் கிளட்ச் பக்கத்து கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு எரியும், வண்டி புகையாகக் கக்கும். இடது பக்கம், அதாவது மேக்னெட் பக்கம், போனால் வெறும் காற்று உள்ளே புகும். அப்போது புகை வராது, சத்தம் வராது, வண்டி முன்னைவிட வேகமாக ஓடுவது போலக்கூடத் தோன்றும். பெட்ரோலும் எண்ணெயும் குறைந்த கலவை எரிந்து சூடு ஏறும். ஆபத்தானது இதுதான்.

கிழவர் இரண்டையும் மாற்றலாம் என்றார். ஆகஸ்ட் பரிசோதனைக்கு ஐந்து நாள்தான் இருந்தது, இடது பக்கச் சீல் கைவசம் இல்லை. வலது பக்கத்தை மட்டும் மாற்றுங்கள் என்று அவசரப்படுத்தினேன். "பெலான் பெலான், தம்பி" என்றார். மெல்ல, மெல்ல. நான் கேட்கவில்லை. புகை நின்றது, பரிசோதனையில் தேறியது, சிஓஇயைப் புதுப்பித்தேன். அன்று மாலை அப்பாவைக் கீழே அழைத்து வந்து இன்ஜினை ஓடவிட்டேன். டேங்கில் கையை வைத்தார். "ஆக்சிலேட்டர விடு" என்றார். விட்டேன். "உடனே எறங்கணும்டா. இது எறங்க யோசிக்குது" என்றார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மூன்று வாரம் கழித்து, சிலேத்தார் விரைவுச்சாலையில் மண்டாய் பக்கம் 80-இல் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் ஒரு கட்டை ஏறியது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ரப்பர் தேயும் கிறீச் சத்தமும் பின்னால் ஒரு லாரியின் ஹாரனும் சேர்ந்து கேட்டன. இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்க வேண்டும் என்று அப்பா எனக்கு ஓட்டப் பழக்கும்போதே சொல்லியிருந்தார். கை தானாகக் கிளட்சை இழுத்தது. சக்கரம் விடுபட்டது, ஓரமாக உருண்டு நின்றேன். கை நடுக்கம் அடங்க வெகு நேரம் ஆனது. பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டும் யாரும் அந்த இரண்டு விரல் பழக்கத்தை விடாதீர்கள்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்க மறுப்பது காற்றுக் கசிவின் முதல் அடையாளம். இரண்டாவது, பிளக்கின் நிறம். பால் கலக்காத மைலோத் தூளின் பழுப்பு நிறத்தில் இருந்தால் நலம். எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். என் பிளக் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சிலிண்டரைத் தூக்கினால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்க அலுமினியம் தீற்றியிருந்தது.

இந்த முறை அவசரம் இல்லாமல் செய்தோம். இன்ஜினைக் கழற்றும் வேலை ஊபியில். கழுவும் வேலை எங்கள் சமையலறையில், ஏனென்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார்நிறுத்தத்தில் வண்டியைப் பிரித்துப் போட அனுமதி இல்லை. அம்மா தன் பழைய இட்லித் தட்டை எடுத்துக் கொடுத்தார். அது போல ஒரு சாமான் எந்தப் பணிமனையிலும் கிடைக்காது. ஒரு குழியில் கார்புரேட்டர் திருகுகள், அடுத்ததில் கிளட்ச் மூடித் திருகுகள், அடுத்ததில் மேக்னெட். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டுச் சீட்டு. திருகுகளின் நீளம் ஒன்றுபோல் தெரியும், இருக்காது. நீளமான திருகை மாற்றிப் போட்டு இறுக்கினால் உள்ளே அலுமினியம் உடையும்.

உதிரி பாகங்களுக்கு ஜொகூர் பாருவுக்கு இரண்டு தடவை போனேன். ஒரே கடையில் ஒரே பெட்டியில் அசலும் இருக்கும், அதே மாதிரி நகலும் இருக்கும். சைட் மிரர், இண்டிகேட்டர், இருக்கை உறை எல்லாம் நகல் போதும். பிஸ்டன், வளையம், கிராங்க் பேரிங், சீல் நான்கிலும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அந்த இரண்டு சீலுக்கும் சேர்த்து நான் கொடுத்தது இருபது வெள்ளிக்கும் குறைவு. அதை முதலிலேயே மாற்றியிருந்தால் இரண்டு தடவை சிலிண்டர் கடையும் செலவு இல்லை. சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் படிகளாகச் சில தடவைதான் பெரிதாக்க முடியும். அவசரத்தில் நான் இரண்டு படியைத் தின்றுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடைந்து வந்த சிலிண்டரை நேராகப் பூட்டிவிடக் கூடாது என்பதையும் கிழவர்தான் காட்டினார். சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் வந்துபோகும் வாசல்களின் விளிம்பு கடைந்த பிறகு கத்தி மாதிரி இருக்கும். என் சுட்டுவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார், தோல் கீறியது. அந்த விளிம்பைச் சின்ன அரத்தாலும் மணல்தாளாலும் மழுக்காவிட்டால் வளையம் அதில் மாட்டி உடையும். முதல் கடையில் இதைச் செய்யவே இல்லை. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்த்திருக்க வேண்டும், வளையத்தின் இடைவெளி பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டையும் நானே பார்த்த பிறகுதான் சிலிண்டரை இறக்கவிட்டார்.

பூட்டி முடித்ததும் செய்த ஒரு சோதனையை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் தகட்டால் அடைத்து, சின்னக் கைப்பம்பால் ஆறு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, ஆறு நிமிடம் அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பது. எங்களுடையது மூன்று நிமிடத்தில் சரிந்தது. சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் சீல் பக்கம் சுத்தம். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே, கலவையைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் ஒய்இஐஎஸ் என்ற கறுப்பு டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாயில் குமிழ் வந்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. புதுக் குழாய் போட்டதும் முள் அசையவில்லை. அந்தச் சோதனை இல்லாமல் ஓட்டியிருந்தால் இன்னொரு விரைவுச்சாலையில் இன்னொரு முறை நின்றிருப்பேன்.

எண்ணெய்ப் பம்பையும் நம்பிவிடாதீர்கள். ஆர்எக்ஸ்ஸெட்டில் டூடி எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து பம்பு வழியாகத் தானாகக் கலக்கும். வண்டியைப் பிரித்தால் அந்தக் குழாயில் காற்று புகுந்துவிடும். பம்பில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் எண்ணெய் வரும்வரை வடிக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகும், முதல் டேங்கில் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினேன். கொஞ்சம் புகைத்தது, ஆனால் பம்பு ஒழுங்காக வேலை செய்வது உறுதியாகும்வரை அதுதான் காப்பு. முதல் 500 கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டர் கிடையாது, உயர்ந்த கியரில் திணற வைப்பதும் கிடையாது.

டேங்கின் துருவுக்கு வினிகரும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போதும். இரண்டு நாள் ஊறவைத்துக் குலுக்கி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்துப் பெட்ரோல் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் மறுபடி துரு. பெயின்ட், குரோம் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அப்பாவின் முழங்கால் உரசி டேங்கின் இரண்டு பக்கமும் பெயின்ட் மங்கியிருக்கிறது. அதை நான் தொடவில்லை.

சிங்கப்பூரில் இந்த வேலையில் இறங்குபவருக்குச் சட்டப் பக்கமும் முக்கியம். இங்கே வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மாதத்துக்குள் உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். ஆகவே சிஓஇ முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்னதாகவே வேலையைத் தொடங்குங்கள். சிஓஇ விலையும் உங்களுக்காகக் காத்திருக்காது. 2022-இல் மோட்டார்சைக்கிள் சிஓஇ பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டிகளுக்கான புகை வரம்பும் இறுகிவிட்டது. பரிசோதனைக்கு முன் நான் செய்வது: எக்ஸாஸ்ட்டின் உள்குழாயை உருவி அதில் படிந்த கரியைச் சுரண்டுவது, காற்று வடிகட்டியைக் கழுவுவது, புகை குறைவான ஜாசோ எஃப்டி தர எண்ணெய்க்கு மாறுவது, பரிசோதனை நிலையத்துக்குச் சுற்று வழியில் அரை மணி நேரம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போவது. எக்ஸாஸ்ட்டை மாற்றி 'பவர்' ஏற்றும் ஆசை வேண்டாம். அசல் குழல்தான் இந்த இன்ஜினுக்கு அளவெடுத்துச் செய்தது.

இந்தச் சின்ன வண்டி இவ்வளவு புகைப்பதற்குக் காரணம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறுகிறது. பக்கத்தில் குழந்தையோடு நடப்பவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். அதனால் 2028 தேதியைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் உண்டு. அப்பாவின் வண்டி 2024 ஆகஸ்டில் 35 வயதைத் தாண்டியதால் பழமையான வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். நாற்பத்தைந்து நாள் எனக்குப் போதும். விண்ணப்பத்துக்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 1989 பதிவு ரசீதை அப்பா தன் வங்கிச் சேமிப்புப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.

ரன்னிங்-இன், அதாவது அந்த முதல் 500 கிலோமீட்டர், முடிந்த வாரம், ஓல்டு அப்பர் தாம்சன் சாலைக்கு வண்டியை எடுத்துப் போனேன். அப்பா என் தம்பியின் காரில் பின்னால் வந்தார். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ நடந்த சாலை அது. கார்கள் மட்டுமல்ல, மோட்டார்சைக்கிள்களும் ஓடின. முதல் பந்தயத்தின்போது அப்பாவுக்குப் பதினைந்து வயது. சித்தப்பாவோடு சைக்கிளில் வந்து புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார். இப்போது அது மரங்கள் கவிந்த அமைதியான ஒருவழிச் சாலை, ஓரத்தில் குரங்குகள். காரிலிருந்து இறங்கி, வளைவைக் கைத்தடியால் சுட்டி, "இங்கதான் எல்லாரும் விழுவாங்க. பந்தய வண்டில ஊத்துற ஆமணக்கெண்ணெய் வாசம் காட்டுக்குள்ளேயே நிக்கும்" என்றார்.

வண்டியை நிறுத்தி ஓடவிட்டேன். அப்பா கைத்தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு டேங்கின் மேல் கையை விரித்தார். பெயின்ட் மங்கிய அதே இடம். நான் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டேன். வேகம் உடனே இறங்கியது. இன்னொரு முறை செய்யச் சொல்லித் தலையாட்டினார். மறுபடி திருகி விட்டேன். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"கிளட்ச் கேபிள் மட்டும் கொஞ்சம் எண்ணெய் கேக்குது" என்றார். "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்."